நடந்து போய்த் திரும்பக்கூடிய பார் சென்னையில் எங்கே இருக்கிறது?

மந்தைவெளி மாறன்:

வணக்கம். வெளியூர்களில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, சென்ற தை மாதம் மந்தைவெளிக்கே குடித்தனம் வந்துவிட்டேன். மாதத்தில் இரண்டு மூன்று மாலைகள் பள்ளிக்கூட நண்பன் ஒருவனோடு உட்கார்ந்து, ஒரு பீரையோ இரண்டு பெக் ரம்மையோ வைத்துக்கொண்டு நிதானமாகப் பேச வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு தேவை இல்லை. முதுகு சாய ஒரு நாற்காலி, எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழும் அளவுக்கு அமைதி, தண்ணீர் வரும் கழிப்பறை, மூன்றாம் முறை போகும்போது முகம் பார்த்துச் சிரிக்கும் ஒரு பரிமாறுபவர், நடந்தோ பேருந்திலோ மெட்ரோவிலோ வீடு வந்து சேரக்கூடிய தூரம் ஆகிய ஐந்தும் ஒன்றாக அமைந்த இடத்தைத் தேடுகிறேன்.

போன மாதம் ஒரு நட்சத்திர விடுதியின் பப்புக்குப் போனோம். பாட்டு அவ்வளவு உரக்க ஒலித்ததால், ஒரே மேசையில் எதிரெதிரே இருந்த நாங்கள் கைப்பேசியில் எழுதி எழுதிக் காட்டிப் பேசிக்கொண்டோம். அடுத்த வாரம் ஒரு டாஸ்மாக் கடையை ஒட்டிய பாருக்குப் போனோம். தரையில் தேங்கிய தண்ணீரில் முட்டை ஓடு மிதந்தது, பத்தாவது நிமிடம் பக்கத்து மேசையில் கைகலப்பு தொடங்கியது. "மொட்டை மாடியே மேல்டா" என்று நண்பன் எழுந்துவிட்டான். ஆனால் என் வீட்டு மொட்டை மாடியில் அடுக்ககத்துக் குழந்தைகள் விளையாடுகிறார்கள். அவர்கள் முன்னால் பாட்டிலைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இவ்வளவு பெரிய ஊரில் இல்லையா? அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

புரசை ஜெயராமன்:

தம்பி மாறன், நீங்கள் தேடிய விதத்தில் குறை ஒன்றும் இல்லை. நம் உரிம முறைதான் அந்த இடத்தை இல்லாமல் செய்திருக்கிறது. தெருவைப் பார்த்து வாசல் வைத்து, தானே மது விற்று, தானே சமைத்துப் பரிமாறுகிற தனி மதுக்கூடம் வைக்கச் சென்னையில் வழியில்லை. 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதை ஒட்டிய பாரை விட்டால், முக்கியமாக இரண்டு வாசல்களே உள்ளன: உறுப்பினர் மன்றங்களுக்கான எஃப்.எல்.2 உரிமம், நட்சத்திர விடுதிகளுக்கான எஃப்.எல்.3 உரிமம். ஆகவே நம் ஊரில் பார் என்பது கடைக்குப் பின்னாலோ, விடுதிக்குள்ளோ, மன்றத்துக்குள்ளோ ஒளிந்திருக்கும் ஓர் அறையாகவே இருந்து வருகிறது.

இந்த ஒளிவு மறைவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948க்குள் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் அது தளர்ந்து, 1974இல் மீண்டும் வந்தது. உடல்நலக் காரணம் காட்டிப் பெர்மிட் வாங்கியவர்களும் வெளிநாட்டவர்களும் மட்டும் குடிக்கலாம் என்றிருந்த நாட்களில் அதற்கென்று விடுதிகளில் ஒதுக்கிய அறையைத்தான் 'பெர்மிட் ரூம்' என்றார்கள். என் தந்தையார் கடைசி வரைக்கும் பாரை அந்தப் பெயரால்தான் சொன்னார். கறுப்புக் கண்ணாடி, மங்கிய விளக்கு, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியே தெரியாத திரை ஆகியவை எல்லாம் அந்தக் காலத்தின் மிச்சங்கள் என்றே நினைக்கிறேன். குற்றம் செய்கிறவனைப் போல உட்கார வைக்கப்படுகிறவன் குற்றவாளியைப் போலவே அவசரமாகக் குடிப்பான் என்பதை ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

உங்களுக்கு என் பதில் எழும்பூர். ரயில் நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலை, கென்னத் சந்து ஆகியவற்றைச் சுற்றியுள்ள பழைய விடுதிகளில் சிலவற்றுக்கு முதல் மாடியில் ஏ.சி. பார் உண்டு. தென் மாவட்ட ரயிலுக்குக் காத்திருப்பவர்கள், வழக்குக்காக வந்தவர்கள், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் போன்றோருக்காக ஏற்பட்ட அறைகள் அவை. அங்கே ஆட வருபவர் கிடையாது என்பதால் பாட்டு மெதுவாகத்தான் ஒலிக்கும். பரிமாறுகிறவர்கள் பெரும்பாலும் இருபது ஆண்டுகளாக அதே இடத்தில் இருப்பவர்கள். வார நாட்களில் மாலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள்.

சைதை செல்வம்:

நான் பதினான்கு ஆண்டுகள் டாஸ்மாக் பார்களில் சைட் டிஷ் மாஸ்டராக இருந்தவன், இப்போது சொந்தமாக டிபன் கடை நடத்துகிறேன். மாறன் சார் பார்த்த தண்ணீருக்கும் முட்டை ஓட்டுக்கும் காரணம் என்னவென்று உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

டெண்டரில் பார் எடுப்பவருக்குக் கிடைப்பது தின்பண்டம் விற்கும் உரிமையும் காலிப் பாட்டில் சேகரிக்கும் உரிமையும் மட்டும்தான். சரக்கைக் கடைக் கவுன்டரில் வாடிக்கையாளரே வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறார். அதில் பார்க்காரருக்கு ஒரு பைசா கிடையாது. அவர் கட்டும் தொகையைச் சுண்டலிலும் ஆம்லெட்டிலும் தண்ணீர் பாட்டிலிலும் கிளாஸிலும்தான் எடுக்க வேண்டும். பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் பத்து மணி நேரத்தில் ஒரு நாற்காலியில் எத்தனை பேர் மாறி மாறி உட்காருகிறார்கள் என்பதுதான் அவர் கணக்கு. நாற்காலிக்கு முதுகு வைத்தால் ஆள் எழுந்திருக்க மாட்டார் என்று என் முதலாளி ஒருவர் வெளிப்படையாகவே சொல்லி, ஸ்டூலாக வாங்கிப் போட்டார். கழிப்பறைக்குச் செலவு செய்தால் அடுத்த டெண்டரில் அந்த இடம் தன் கையில் இருக்குமா என்று அவருக்கே தெரியாது. 2023 ஜூன் 22 அன்று மாநிலம் முழுவதும் 500 கடைகளை மூடினார்கள். அதை வரவேற்றவன்தான் நானும். ஆனால் மூடிய கடையின் கூட்டம் பக்கத்துக் கடைக்கு வந்தபோது, அந்தப் பாரில் ஒரு ஸ்டூலும் கூடவில்லை, ஒரு குழாயும் கூடவில்லை.

இருந்தாலும் நல்ல பார்கள் இருக்கின்றன. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் மேசையைப் பார்க்காதீர்கள், அடுப்பைப் பாருங்கள். அடுப்பு வாசல் பக்கம் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால் அந்த மாஸ்டருக்குத் தன் வேலையில் நம்பிக்கை இருக்கிறது என்று பொருள். பிறகு சுண்டலைக் கேளுங்கள். காலையில் வேக வைத்த கொண்டைக்கடலை மாலை ஆறு மணிக்கு மேல் வெயில் நாட்களில் நூல் விடத் தொடங்கும். தெரிந்த மாஸ்டர் அதை இரண்டு தவணையாக வேக வைப்பார். மாலைக் கடலைக்குத் தேங்காய் போடாமல் கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொள்வார். இரவு எட்டு மணிக்குத் தேங்காய்ச் சுண்டல் தருகிற இடத்தில் நான் வெறும் வேர்க்கடலையோடு நிறுத்திக்கொள்வேன். கலக்கி கேட்டால், முட்டையைத் தனி டம்ளரில் உடைத்து மோந்து பார்த்த பிறகு கல்லில் ஊற்றுகிறாரா என்று கவனியுங்கள். அதைச் செய்கிறவர் கிளாஸையும் ஒழுங்காகக் கழுவச் சொல்லியிருப்பார்.

காசிமேடு கரையோரன்:

மாறன் சாரின் பதிவில் ஓர் இடம் என்னை வருத்தியது. ஒரு பாரில் பத்து நிமிடம் இருந்துவிட்டு எல்லாப் பார்களும் அப்படித்தான் என்று முடிவு செய்வது நியாயம் இல்லை. எங்கள் பக்கம் கடலிலிருந்து திரும்பியவர்கள் வலையையும் கணக்கையும் முடித்துவிட்டு வந்து உட்காரும் ஒரு பார் இருக்கிறது. அங்கே ஸ்டூல்தான் போட்டிருக்கிறார்கள், மின்விசிறி சத்தம் போடும். ஆனால் யாருடைய மகளுக்குக் கல்யாணம், யாருடைய படகு எஞ்சின் பழுது, யார் இரண்டு நாளாக வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அளவு தாண்டியவரை இன்னொரு குவார்ட்டர் வாங்க விடாமல் வீட்டில் கொண்டு விடுகிற இரண்டு பெரியவர்கள் அங்கே தினமும் இருக்கிறார்கள். முகம் பார்த்துச் சிரிக்கும் இடம் வேண்டும் என்று நீங்கள் கேட்டது இதைத்தானே?

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நெத்திலி வறுவலை அரிசி மாவு போடாமல், மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் மட்டும் பிசறி, தலையை எடுக்காமல் பொரிக்கும் இடத்தில் சாப்பிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மீன் குறைவு, விலை அதிகம். அந்த நாட்களில் சில்லென்ற பெட்டியிலிருந்து வரும் மீனைவிட முட்டையே நல்லது. திரும்பும் வழியில் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் பர்மாக்காரர்களின் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடை ஒன்றில் நின்று, வாழைத்தண்டு சூப்போடு ஒரு தட்டு அத்தோ சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினால் தாம்பரம் வரைக்கும் சுகமாகப் போகலாம்.

தரமணி கயல்:

மாறன் அண்ணா கேட்ட ஐந்தோடு ஆறாவதாக ஒன்றை நான் சேர்க்க வேண்டியிருக்கிறது: ஒரு பெண் உள்ளே வந்தால் அறை முழுவதும் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும். கரையோரன் அண்ணா சொன்ன பார் நல்ல இடம் என்று நம்புகிறேன், ஆனால் அங்கே நானும் என் தோழியும் போய் உட்கார முடியாது. சட்டம் எங்களைத் தடுக்கவில்லை. இருபத்தொரு வயது நிரம்பியவர் யாரும் வாங்கலாம். ஆனாலும் பெண்களுக்கு ஒரு கழிப்பறைகூட இல்லாத அறை எங்களுக்கான அறை ஆகாது.

அதனால் எங்களைப் போன்றவர்கள் அதிகம் செலவழித்துப் பெரிய விடுதிகளுக்குப் போகிறோம். அங்கேயும் இரண்டு தொல்லைகள் உண்டு. பல பப்புகளில் வார இறுதியில் ஆண்கள் தனியாக வந்தால் அனுமதி இல்லை. ஆனால் பெண்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்கி இலவசமாக ஊற்றுகிறார்கள். ஆண்களை வரவழைப்பதற்காக வைக்கப்பட்ட பண்டமாக நாங்கள் அங்கே நிற்கிறோம் என்பது ஓரிரு முறையிலேயே புரிந்துவிடும். இலவசமாகக் கொடுக்கும் நாளில் நான் போவதில்லை.

என் அனுபவத்தில் வார நாட்களில் மாலை ஆறு மணிக்குப் பெரும்பாலான இடங்கள் பேசத் தகுந்தவையாக இருக்கின்றன. அண்ணா சாலையில் ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் எழுந்த தி பார்க் விடுதியின் லெதர் பார், எம்.ஆர்.சி. நகரில் உள்ள ரேடியோ ரூம், பின்னி சாலையில் தாஜ் கன்னிமராவின் லேடி கன்னிமரா பார் ஆகிய மூன்றையும் சொல்வேன். ரேடியோ ரூம் மாறன் அண்ணாவுக்கு ஆட்டோவில் சிறிது நேரத் தூரம்தான். அங்கே எட்டு மணிக்கு முன்பே எழுந்துவிடுவது நல்லது.

புரசை ஜெயராமன்:

கன்னிமராவைச் சொன்னதற்கு நன்றி அம்மா. அந்தப் பெயரின் கதையையும் அறிந்துகொண்டு போங்கள். 1886 முதல் 1890 வரை மதராஸ் ஆளுநராக இருந்தவர் கன்னிமரா பிரபு. அவருடைய மனைவி கணவரோடு வாழப் பிடிக்காமல் ஆளுநர் மாளிகையை விட்டு வெளியேறி இந்த விடுதியில்தான் வந்து தங்கினார் என்று சொல்வார்கள். அந்த அம்மையாரின் பெயரைத்தான் இன்று பார் தாங்கியிருக்கிறது. எல்.ஐ.சி. மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், ஸ்பென்சர் பிளாசாவுக்குப் பக்கம். விலை மாதம் ஒரு முறைக்குத்தான் தாங்கும்.

மன்றங்களையும் மறந்துவிட வேண்டாம். 1873இல் தோன்றிய காஸ்மோபாலிட்டன் கிளப், 1884இல் தோன்றிய ஜிம்கானா போன்றவற்றில் உறுப்பினரான நண்பர் ஒருவர் உங்களுக்கு இருந்தால், இந்த ஊரில் பேசிக்கொண்டே குடிப்பதற்கு அவற்றைவிட அமைதியான தாழ்வாரங்கள் இல்லை. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் கிளப் உள்ளே விட மறுத்ததும், அடுத்த மாதமே அந்தத் தடையை நீக்கிச் சட்டம் வந்ததும் நினைவிருக்கலாம். அதன் பிறகு நான் வேட்டியோடு போய்வந்திருக்கிறேன்; யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உறுப்பினர் சந்தா நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது, காத்திருப்பும் ஆண்டுக்கணக்கில் நீளும். ஆகவே மாறனுக்கு இது வழியாகாது.

நிதானம்:

நான் குடியை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அடையாறு இந்திரா நகரில் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பியவன். விட்ட பிறகு நான் இழந்தது மதுவை அல்ல, நண்பர்களின் மாலைகளை. இப்போது மனம் உறுதிப்பட்ட பிறகு, ஆறு மாதங்களுக்கு ஒரு முறை அவர்களோடு போய் உட்காருகிறேன். எல்லோருக்கும் இது பொருந்தாது. புதிதாக விட்டவர்கள் முயல வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். குடிக்காதவனையும் மேசைக்கு உரியவனாக நடத்தும் பாரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பன்னீர் சோடாவோ பொவன்டோவோ கேட்டால் முகம் சுளிக்காமல் ஐஸ் போட்டுத் தருகிற இடங்கள் உண்டு. அந்த மேசையில் வண்டி ஓட்டத் தகுதியானவனும் நான் ஒருவன்தான். நூறு மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு பாயும், முதல் முறைக்கே ₹10,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. அபராதத்தைவிடப் பெரிய விலையை என் அண்ணன் கொடுத்தார். அதை இங்கே எழுத என்னால் இயலவில்லை.

மந்தைவெளி மாறன்:

அனைவருக்கும் நன்றி. கரையோரன் அவர்களே, உங்கள் வருத்தம் நியாயமானது. ஓர் இடத்தைப் பார்த்து எல்லாவற்றையும் அளந்துவிட்டேன். மூன்று வாரங்களாக நீங்கள் சொன்ன வழிகளில் போய் வந்தேன்.

செல்வம் அவர்களின் அடுப்புச் சோதனையைச் சைதாப்பேட்டையில் செய்து பார்த்தேன். முதல் பாரில் அடுப்பே கண்ணில் படவில்லை, திரும்பிவிட்டேன். இரண்டாவதில் வாசலிலேயே கல் இருந்தது. மாஸ்டர் முட்டையை டம்ளரில் உடைத்து, மூக்கருகே கொண்டுபோய், பிறகுதான் ஊற்றினார். அவர் கலக்கி வெளியே வெண்மையும் உள்ளே குழைவுமாக, மிளகு மட்டும் தூவி, வாழை இலைத் துண்டில் வந்தது. ஸ்டூலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் முதுகு தாங்கவில்லை என்றாலும் அங்கே மறுபடியும் போவேன்.

ஆனால் என் இடம் எழும்பூர்தான் என்று தோன்றுகிறது. புதன்கிழமை மாலை ஐந்தரைக்குப் போனோம். விடுதி வரவேற்பறையைத் தாண்டி மாடி ஏறினால் பன்னிரண்டு மேசைகள் கொண்ட அறை. இருக்கைகளின் ரெக்ஸின் சில இடங்களில் கிழிந்து, அதே நிற நூலால் தைக்கப்பட்டிருந்தது. பரிமாறிய பெரியவர் பீரைச் சாய்த்து நுரை தளும்பாமல் ஊற்றிவிட்டு, வேர்க்கடலையில் வெங்காயம் போடலாமா என்று கேட்டுக்கொண்டு போனார். ஏழேகாலுக்கு ஒருவர் பெட்டியோடு எழுந்து, "முத்து நகர் எக்ஸ்பிரஸுக்கு நேரமாயிடுச்சு" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். நானும் நண்பனும் பதினொரு ஆண்டுக் கதையில் நான்கு ஆண்டுகளைத்தான் முடித்திருந்தோம். ஒன்பது மணிக்கு எழும்பூர் மெட்ரோவுக்கு நடந்தோம். பதினொரு மணி வரை வண்டி இருப்பதால் கடிகாரத்தைப் பார்க்கும் அவசியமே ஏற்படவில்லை. இருவருக்கும் ஆன தொகை, அந்தப் பப்பில் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு.

போன வெள்ளிக்கிழமை மூன்றாம் முறையாகப் போனபோது அந்தப் பெரியவர் நாங்கள் கேட்காமலேயே சுவரோர மேசைக்குக் கை காட்டினார்.

தரமணி கயல்:

மகிழ்ச்சி அண்ணா. அந்த விடுதியில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா? நீங்கள் இருந்த மூன்று நாட்களில் பெண்கள் யாராவது உட்கார்ந்திருந்தார்களா?

மந்தைவெளி மாறன்:

முதல் இரண்டு நாட்களில் யாரும் இல்லை. மூன்றாம் நாள் ரயிலுக்குக் காத்திருந்த ஒரு தம்பதி இருந்தார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கழிப்பறை பற்றி எனக்குத் தெரியாததால் இன்று தொலைபேசியில் கேட்டேன். பெண்களுக்கான கழிப்பறை தரைத்தளத்தில் இருக்கிறது, சாவி வரவேற்பறையில் இருக்குமாம். ஒவ்வொரு முறையும் சாவி கேட்டு வாங்குவது சங்கடம் என்று மேலாளரிடம் சொன்னேன். மாலை நேரத்தில் திறந்தே வைக்கச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். வரும் புதன்கிழமை ஐந்தரைக்கு நானும் நண்பனும் அங்கே இருப்போம், நிதானம் அவர்களும் வருகிறார். நீங்கள் தோழியோடு வருவதானால் செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லுங்கள், சுவரோரத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போடச் சொல்கிறேன். அங்கே பன்னீர் சோடா இல்லையாம். வாங்கி வைப்பதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.